தொடர்கதையும் வீட்டுக் கதையும்



நாவல் படிப்பதைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றவுடன், இதனினும் பயனுள்ள பொருள் கிடைக்கவில்லையா என்று சிலர் எண்ணக்கூடும். அதிலும், நாம் எடுத்துக்கொண்டவை புலவர் கூடி ஆராயும் அரிய நூல்கள் அல்ல. வாரந்தோறும் பத்திரிகையில் வெளிவந்து, வீட்டுப் பெண்டிரும் ஓய்வு பெற்ற பெரியவர்களும் முந்திப் படிக்கப் போட்டியிட்டு, பின்னர்ப் பக்கங்களைக் கிழித்துத் தைத்து அட்டை போட்டு வைத்துக்கொண்ட தொடர்கதைகள். ஒருவர் பழைய வாழ்வை விட்டுப் புதிய ஊருக்குப் போகிறார். குடும்பத்தில் மறைத்து வைத்த செய்தி ஒன்று உண்டு. அது வெளிப்படும் நாளில் சுற்றத்தாரும் ஊராரும் என்ன செய்கிறார்கள்? இந்த மூன்றையும் கழித்துவிட்டால் நம் மக்கள் விரும்பிப் படித்த நாவல்களில் பெரும்பகுதி மிஞ்சாது.

தமிழகத்தை விட்டு வேறு மாநிலங்களில் குடியேறிய நமக்கு இக்கதைகள் நெருங்கியவையாக இருப்பதற்குத் தனிக் காரணம் உண்டு. பெட்டியைக் கட்டிக்கொண்டு இரயில் ஏறிய ஒருவர் நம் ஒவ்வொருவர் வீட்டிலும் இருந்திருக்கிறார். அவர் ஏன் ஏறினார் என்று கேட்டால், ‘பிழைப்புக்காக’ என்ற ஒரே சொல் விடையாக வரும். அந்தச் சொல்லுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று பெரும்பாலான வீடுகளில் யாரும் கேட்பதில்லை; கேட்டாலும் சொல்பவர் இல்லை.

நாம் வாழும் பெங்களூரையே எடுத்துக்கொள்வோம். 1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் தம் படையைச் சீரங்கப்பட்டணத்திலிருந்து இங்கே கொணர்ந்து நிறுத்தினர். ‘தண்டு’ என்று முதியோர் இன்றும் வழங்கும் கண்டோன்மென்ட் அவ்வாறு தோன்றியது. படையைத் தொடர்ந்து வணிகர், கொத்தர், சமையற்காரர், தையற்காரர், வண்டிக்காரர் எனத் தமிழர் பலர் வந்து அல்சூரிலும் அதனைச் சுற்றிலும் குடியேறினர். 1876 முதல் 1878 வரை நிலவிய கொடும் பஞ்சமும், பின்னர் எழுந்த ஆலைகளும் மேலும் பலரை ஊரைவிட்டு நகர்த்தின. வந்தவர்களின் பெயரும் தொழிலும் ஏடுகளில் இருக்கலாம். கடன் தீர்க்க மாட்டாமல் வந்தவர், பங்காளிச் சண்டையில் தோற்று வந்தவர், சாதி மாறி மணந்து வந்தவர் என்ற கணக்கு மட்டும் எந்த ஏட்டிலும் ஏறியதில்லை. அந்தக் கணக்கை ஓரளவேனும் எழுதி வைத்தவர்கள் நாவலாசிரியர்கள்தாம்.

கல்கியின் ‘தியாக பூமி’யை நினைத்துப் பாருங்கள். 1938-39-ஆம் ஆண்டுகளில் ஆனந்த விகடனில் அது தொடராக வந்தது. கே. சுப்பிரமணியம் அதே சமயத்தில் அதனைத் திரைப்படமாகவும் எடுத்து வந்தமையால், படத்தின் காட்சிகளே கதைக்கு ஓவியமாக அச்சேறின. 1939-இல் வெளிவந்த அப்படத்தைப் பின்னர் ஆங்கில அரசு தடை செய்தது. நெடுங்கரைச் சம்பு சாஸ்திரியின் மகள் சாவித்திரி, கல்கத்தாவில் கணவன் வீட்டில் பட்ட துன்பம் தாளாது வெளியேறுகிறாள். தந்தையையும் காண முடியாமல், சென்னையில் பெண் மகவு ஈன்று, கடைசியில் உறங்கிக்கிடக்கும் தந்தையின் பக்கத்திலேயே அம்மகவை விட்டுவிட்டு மறைகிறாள். தம் பேத்தி என்று அறியாமலே பாட்டனார் அக்குழந்தையைச் சாரு என்று பெயரிட்டு வளர்க்கிறார். அவரோ, எளியவர்களுக்கு இடம் கொடுத்தமைக்காக ஊராரால் விலக்கி வைக்கப்பட்டு, சென்னையில் ஒரு குப்பத்து மக்களிடையே வாழ்வு தேடிக்கொண்டவர். சில ஆண்டுகள் கழித்துச் சாவித்திரி பம்பாயிலிருந்து செல்வச் சீமாட்டி உமாராணியாகத் திரும்பி வருகிறாள். சேர்ந்து வாழ வேண்டுமென்று வழக்குத் தொடுக்கும் கணவனுக்கு, வேண்டுமானால் தானே ஜீவனாம்சம் தருவதாக மன்றத்தில் சொல்லுகிறாள். 1939-இல் அதைப் படித்த பெண்கள் அவ்வாரம் முழுதும் வேறென்ன பேசியிருப்பார்கள்!

குறையையும் சொல்லிவிடுவோம். சாவித்திரிக்குப் புது வாழ்வு எப்படிக் கிட்டியது? பம்பாயில் ஓர் அத்தையின் சொத்து வந்து சேர்ந்ததால் கிட்டியது. இவ்வாறு சொத்து வந்து சேரும் அத்தை நம்மில் எத்தனை பேருக்கு உண்டு? தொடர்கதை ஆசிரியர்கள் இவ்விடத்தில் மட்டும் சற்றுச் சோம்பல் உடையவர்கள். கதைமாந்தர் பட்டணம் போய்ச் சேர்ந்த முதல் ஆண்டை அவர்கள் தாண்டிக் குதித்துவிடுவார்கள். வாடகை வீடு தேடியதும், கடைக்காரரிடம் என்ன மொழியில் உப்புக் கேட்பது என்று விழித்ததும், ஊரிலிருந்து வரும் கடிதத்தைப் பிரிக்க அஞ்சியதும் அந்த ஓராண்டில்தானே நிகழ்கின்றன! மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராக இருந்து, இடமாற்ற உத்தரவு வரும்போதெல்லாம் பெட்டி கட்டிப் பழகிய எமக்கு, அந்த விடுபட்ட ஓராண்டின் மீதுதான் எப்போதும் கண்.

ஆயினும் அந்தக் கதை செய்ய வல்லது ஒன்று உண்டு. அதனைச் சென்ற மழைக்காலத்தில் எங்கள் இல்லத்தில் கண்டோம். எம் மகள் பத்தாம் வகுப்பில் படிக்கிறாள். பெங்களூரில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் நன்றாகப் பேசுவாள். கன்னடமும் ஆங்கிலமும் சரளமாகப் படிப்பாள். தமிழ் எழுத்தைப் படிக்க மட்டும் ஒவ்வொன்றாகக் கூட்டித் தடுமாறுவாள். வெளி மாநிலத்தில் வாழும் நம் பிள்ளைகள் பலரின் நிலை இதுதான். ஆகவே, இரவு உணவுக்குப் பின் நாள் ஒன்றுக்கு இரண்டு அத்தியாயமாக ‘தியாக பூமி’யை நாமே உரக்கப் படித்து வந்தோம். எம் தாயாரும் உடன் அமர்ந்து, காய் நறுக்கியபடி கேட்டு வந்தார்.

சாவித்திரி குழந்தையை விட்டுச் செல்லும் இடத்தில் எம் மகள் நிறுத்தச் சொன்னாள். தன் தந்தைதான் அவர் என்று தெரிந்தும் எழுப்பி ஒரு வார்த்தை சொல்லாமல் ஏன் போனாள் என்று கேட்டாள். வெட்கம், கோபம், அக்காலத்து வழக்கம் என்று நாம் ஏதேதோ சொன்னோம். அவளுக்கு அது போதவில்லை. சற்று நேரம் கழித்துப் பாட்டியைப் பார்த்து, “பாட்டி, கொள்ளுத்தாத்தா மட்டும் ஏன் ஊரை விட்டு வந்தாரு?” என்றாள்.

“ஆலை வேலைக்குன்னு சொல்வோம். அது பாதி நெசந்தான், கண்ணு” என்றார் எம் தாயார்.

மற்றப் பாதியை அன்றிரவு நாமும் முதன்முறையாகக் கேட்டோம். வட ஆற்காட்டில் வாலாஜாவை அடுத்த சிற்றூர் எங்கள் பாட்டனாருடையது. அவருக்கு ஒரு தங்கை. எங்கள் சிறு வயதில் அல்சூர் வீட்டில் எங்களையெல்லாம் எடுத்து வளர்த்த அத்தைப் பாட்டி அவர்தாம். பெரிய பொட்டும் பூவுமாக, மிளகாய்ப் பொடி இடிக்கும் உரலுக்கருகில் விகடனை விரித்து வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் அவரை நாம் நன்கு அறிவோம். அவருக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு திருமணம் ஆகி, பதினைந்து வயதில் அவர் கைம்பெண் ஆனார் என்பதை நாம் அறியோம். அண்ணன், பெங்களூரில் வேலையாயிருந்த ஒருவரை ஒப்பச் செய்து, தங்கைக்கு மறுமணம் செய்விக்க முடிவு செய்தார். உறவினர் நெருப்பும் நீரும் தரமாட்டோம் என்றனர். இரவு இரயிலில் அண்ணனும் தங்கையும் வந்து சேர்ந்தனர். கோயில் ஒன்றில் ஆறு பேர் முன்னிலையில் திருமணம் நடந்தது. அதன் பின்னரே ஆலை வேலை. ஊருக்குக் கடைசிவரை அண்ணன் திரும்பவில்லை. கைம்பெண்ணின் கதை பத்திரிகையில் வரும் வாரங்களில் அத்தைப் பாட்டி தாம் படிக்காமல், மருமகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்பாராம். அந்த மருமகள்தான் எம் தாயார்.

இதைப் பொதுவில் சொல்லலாமா என்று எங்கள் சிற்றப்பா தயங்கினார். அத்தைப் பாட்டியின் மக்களும் பேரர்களும் கூடிப் பேசி, பெயர் குறிக்காமல் சொல்வதற்கு இசைந்த பின்னரே இங்கே சொல்லுகிறோம். மறுமணத்திற்குச் சட்டம் 1856-லேயே இடம் தந்துவிட்டது. அ. மாதவையா 1903-லேயே ‘முத்துமீனாட்சி’ என்று ஓர் இளம் கைம்பெண்ணின் கதையை எழுதிவிட்டார். சட்டமும் கதையும் வந்த பின்னும் ஒரு குடும்பம் அதை மூன்று தலைமுறை மூடி வைத்திருந்தது. மூடி வைத்ததில் அச்சமும் இருந்தது. அத்தைப் பாட்டியின் மீது கொண்ட அன்பும் இருந்தது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல நம்மால் ஆகாது.

இவ்விடத்தில் எம் தொழில் சார்ந்த ஒரு சிறு செய்தி. மறைத்து வைத்ததைத் தமிழில் ‘குட்டு’ என்கிறோம்; குட்டு வெளிப்பட்டது என்கிறோம். கன்னடத்திலும் அதே சொல், அதே பொருள். பக்கத்துப் பக்கத்து வீடுகள் ஆகையால் மறைப்பதற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டன போலும்! கன்னட நாவல்களைப் படிக்கும் தமிழருக்கு அதனால்தான் அந்நியம் தோன்றுவதில்லை.

கன்னடத்தில் திரிவேணி என்ற பெயரில் எழுதிய அனசூயா சங்கரைப் பலர் அறிந்திருப்பீர்கள். மனவியல் பயின்றவர், 1963-இல், முப்பத்தைந்து வயதும் நிறையாத நிலையில், மறைந்தார். அவர் எழுதிய ‘சரபஞ்சர’ புட்டண்ண கணகாலின் இயக்கத்தில் 1971-இல் திரைப்படமாகி மிகுந்த புகழ் பெற்றது. காவேரி என்ற பெண் பிள்ளைப்பேற்றுக்குப் பின் மனநோய்க்கு உள்ளாகிறாள். நோயின் பிதற்றலில், திருமணத்திற்கு முன் நிகழ்ந்த ஒன்று வெளிப்பட்டுவிடுகிறது. மருத்துவமனையில் குணமடைந்து வீடு திரும்புகிறாள். கணவனும் அண்டை அயலாரும் அவளைக் குணமானவளாக ஏற்க மறுக்கிறார்கள். சாவித்திரிக்குக் கல்கி வாரி வழங்கிய புது வாழ்வைக் காவேரிக்குத் திரிவேணி வழங்கவில்லை. கணவனுக்கும் ஒரு குட்டு உண்டு. அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. படித்து முடித்த பின் நெடுநேரம் நெஞ்சை விட்டு அகலாதது இந்த ஏற்றத்தாழ்வுதான்.

எம் தாயார் இந்நாவலைப் படித்ததில்லை. அவருக்குக் கன்னட எழுத்து தெரியாது. அடுத்த வீட்டுக் கன்னடத்து அம்மையார் கிணற்றடியில் நின்று அத்தியாயம் அத்தியாயமாகக் கதை சொல்ல, மாற்றாக எம் தாயார் ‘குறிஞ்சி மலர்’ சொல்லியிருக்கிறார். நா. பார்த்தசாரதியின் அந்த நாவலைப் படித்த தமிழர் தம் குழந்தைகளுக்குப் பூரணி என்றும் அரவிந்தன் என்றும் பெயரிட்டதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். எங்கள் தெருவில் ஒரு கன்னடக் குழந்தைக்கும் பூரணி என்ற பெயர் வந்தது கிணற்றடி மொழிபெயர்ப்பின் பயன். அரசாங்கம் எமக்கு ஊதியம் தருவதற்கு முன்பே, மொழிபெயர்ப்பு எவ்வாறு நிகழ்கிறது என்பதை அங்கேதான் கண்டோம்.

எஸ். எல். பைரப்பாவின் ‘வம்சவிருட்ச’ 1965-இல் வெளிவந்தது. நஞ்சன்கூட்டில் கபிலை ஆற்றங்கரையில் வாழும் சீனிவாச சுரோத்திரி ஒழுக்கமே உருவானவர். அவருடைய மருமகள் காத்தியாயனி இளமையில் கணவனை இழந்தவள். மைசூரில் கல்லூரிப் படிப்பைத் தொடர்கிறாள். அங்கே ஒருவரை விரும்பி மறுமணம் செய்துகொள்கிறாள். பெற்ற மகனைப் பாட்டனாரிடமே விட்டுவிட நேர்கிறது. குலம் அறுபடக்கூடாது, குருதி கலக்கக்கூடாது என்றிருந்த சுரோத்திரி, பழைய காகிதங்களைப் புரட்டும்போது தம் பிறப்பைப் பற்றிய உண்மையை அறிகிறார். பங்காளிக்குச் சொத்துப் போகாதிருக்கும் பொருட்டுத் தம் தந்தை எனப்பட்டவர் செய்த ஏற்பாட்டினால் பிறந்தவர் அவர். எந்தக் குலமரத்தைக் காத்து நின்றாரோ அம்மரத்தின் கிளையே அல்லர். மரபைக் காக்க எழுதப்பட்ட நாவலா, மரபை வெட்ட எழுதப்பட்ட நாவலா என்று அறுபது ஆண்டுகளாக வாதிடுகிறார்கள். காத்தியாயனிக்கு ஆசிரியர் விதித்த துன்பம் அளவுக்கு மீறியது என்பது நம் கருத்து. மறுமணத்தில் அவளுக்கு ஒரு குழந்தையும் தங்குவதில்லை, அவளும் மடிகிறாள். எங்கள் அத்தைப் பாட்டிக்கு நான்கு மக்கள். எண்பது வயது வரை வாழ்ந்தார். நாவல் சொல்வதெல்லாம் வாழ்வின் விதி ஆகிவிடாது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

குடியேறிய குடும்பங்கள் புது ஊரின் மொழியில் எவ்வளவு தூரம் வேர்விட முடியும் என்பதற்கும் கன்னட இலக்கியமே சான்று. 1983-ஆம் ஆண்டுக்கான ஞானபீடப் பரிசைப் பெற்ற மாஸ்தி வெங்கடேச ஐயங்காரும், நாடகாசிரியர் டி. பி. கைலாசமும் வீட்டில் தமிழ் பேசிய குடும்பத்தினர். எழுதியது கன்னடத்தில், போற்றப்பட்டதும் கன்னடத்தவராகவே.

ஆனால், எல்லா நாளும் கிணற்றடி நாள் அல்ல. 1991-ஆம் ஆண்டு டிசம்பரில் காவிரி நீரை முன்னிட்டு எழுந்த கலவரத்தில் இந்நகரத்துத் தமிழர் பலர் வீடிழந்தனர். பலர் ஊரைவிட்டே போயினர். அவர்களுள் சிலருக்கு அது இரண்டாம் முறை பெட்டி கட்டியதாகும். நாம் அப்போது பள்ளிச் சிறுவர். ஐந்து இரவுகள் அந்தக் கன்னடத்து அம்மையார் வீட்டுப் பின்கட்டில் உறங்கினோம். அவர் வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். அல்சூர் ஏரிக்கருகே நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை திறக்கப்படாமல் பதினெட்டு ஆண்டுகள் மூடியே நின்று, 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்டதும், அதே மாதத்தில் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். அது செய்தித்தாளில் வந்தது. நாற்காலியில் அமர்ந்திருந்த அம்மையாரின் கதையை எந்தத் தொடர்கதையிலும் நாம் படித்ததில்லை. ஊரார் என்றால் வம்பு பேசுபவர், அல்லது கடைசி அத்தியாயத்தில் மனம் திருந்துபவர் என்பதோடு நம் தொடர்கதை ஆசிரியர்களில் பலர் நின்றுவிட்டனர்.

எழுதப்படாதவர் இன்னும் உண்டு. பெங்களூரிலிருந்து கிழக்கே கோலார் தங்கவயல். வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து, பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த தமிழர், தலைமுறை தலைமுறையாக நிலத்துக்கடியில் இறங்கி உழைத்த இடம். அடிமைத்தனத்தை ஊரோடு விட்டுவிட்டுப் புது வாழ்வைத் தேடிய அவர்களுடைய துணிவு எந்தச் சாவித்திரியின் துணிவுக்கும் குறைந்ததன்று. 2001-இல் சுரங்கம் மூடப்பட்டபோது அவர்களின் பிள்ளைகள் மறுபடி இரயில் ஏறினர். நாள்தோறும் பெங்களூருக்கு வேலைக்கு வந்து திரும்புகின்றனர். அக்காலத்து வாரப் பத்திரிகைகளின் கதைகள் அக்கிரகாரத்தையும் பண்ணை வீட்டையும் சுற்றிச் சுற்றி வந்தனவே அன்றி, அவர்கள் பக்கம் திரும்பவில்லை. வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழரைப் பற்றி, அங்கே மருத்துவராயிருந்த பி. எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதினார். இரா. முருகவேள் அதனை ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழாக்கினார். அதைப் படித்த பின் ‘தியாக பூமி’யைப் படித்தால், சாவித்திரிக்குக் கிட்டிய பம்பாய்ச் சொத்து இன்னும் சற்று உறுத்தும்.

இதனாலெல்லாம் பழைய தொடர்கதைகளைப் பழைய காகிதக் கடையில் போட்டுவிட வேண்டும் என்று யாரும் எண்ணலாகாது. அந்தக் கொடுமை இப்போது நாள்தோறும் நடக்கிறது. பெரியவர் மறைந்தவுடன் அவர் தைத்து வைத்த கட்டுகளைப் படிக்கத் தெரிந்தவர் வீட்டில் இல்லை, எடைக்குப் போகின்றன. அச்சுநூல் மறுபடி கிடைக்கலாம். தைத்த கட்டின் ஓரத்தில் அவர் பென்சிலால் எழுதிய வரி கிடைக்காது. அகிலனின் ‘சித்திரப்பாவை’யும் வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதைதான். 1975-ஆம் ஆண்டுக்கான ஞானபீடப் பரிசு அதற்குக் கிடைத்தது. தமிழுக்கு அப்பரிசு வந்தது அதுவே முதல் முறை. தொடர்கதை என்பதற்காக முகம் சுளிப்பவர்கள் இதனை நினைவில் கொள்ளலாம்.

பெங்களூர் அன்பர்களுக்கு அல்சூர் ஏரியருகே, 1950-இல் தோன்றிய தமிழ்ச் சங்கத்தில் நூலகம் உண்டு. வேறு நகரங்களிலும் பல இடங்களில் தமிழ்ச் சங்கங்கள் உள்ளன. கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. மலிவாகவும் கிடைக்கின்றன, மதுரைத் திட்டத்தின் வழியே கணினியிலும் கிடைக்கின்றன. பிள்ளைக்கு எழுத்துத் தெரியாது என்பது தடையன்று. உரக்கப் படிக்க வீட்டில் ஒருவர் இருந்தால் போதும். கேட்டுக் கேட்டு, அடுத்து என்ன ஆயிற்று என்ற அவசரத்தில் பிள்ளையே புத்தகத்தைப் பிடுங்கிக் கூட்டிப் படிக்கத் தொடங்குவதை நாம் கண்டிருக்கிறோம். ‘தியாக பூமி’யின் கடைசி மூன்று அத்தியாயங்களை எம் மகள் அவ்வாறுதான், பிழையோடும் நிறுத்தத்தோடும், தானே படித்தாள்.

இப்போது முறை மாறியிருக்கிறது. ‘வம்சவிருட்ச’வை அவள் கன்னடத்தில் படிக்கிறாள், நாங்கள் கேட்கிறோம். புரியாத சொல் வந்தால் பாட்டிக்கு அவளே தமிழில் சொல்லுகிறாள். காத்தியாயனி மைசூருக்கு இரயில் ஏறும் இடம் வந்தபோது, நிறுத்து என்று சொன்னவர் எம் தாயார். அந்தப் பக்கத்தை இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.